முந்தித் துடிக்கும் இதயமும் அப்லேஷன் சிகிச்சையும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் படபடப்பைப் பற்றி ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், உரிய நேரத்துக்கு முன்பே வந்துவிடும் ‘முந்திய துடிப்புகள்’ ஒரு நாளைக்குச் சில நூறு பலருக்கும் வருவதுண்டு என்றும், இதயம் நன்றாக இருக்கும் வரையில் அவை பெரும்பாலும் தீங்கற்றவை என்றும் குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு, இந்தத் துடிப்புகளைப் பற்றியும், அவை கிளம்பும் இடத்தை மெல்லிய குழாய் வழியாகச் சுட்டு நிறுத்தும் அப்லேஷன் சிகிச்சையைப் பற்றியும் நீலகிரி மாவட்டத்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். முதல் கடிதத்திற்கான பதில் சற்று நீண்டது. மற்றவர்களின் சந்தேகங்களில் பாதிக்கு அதிலேயே விடை இருப்பதால், எல்லோரும் அதைப் படித்துவிட்டு மேலே செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் வயது 46. கோத்தகிரிக்கு அருகில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கொழுந்து பறிப்பது, மூட்டை சுமப்பது எல்லாம் நானும் என் கணவரும்தான். இரண்டு வருடமாக நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது. அடுத்த துடிப்பு திடுக்கென்று தொண்டை வரை வந்து இடிக்கிறது. நாள் முழுவதும் உடலில் மாட்டி ஈசிஜியைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியில் 24 மணி நேரத்தில் மொத்தம் 1,04,300 துடிப்புகள், அதில் 22,900 முந்திய துடிப்புகள் என்று வந்தது. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 46 சதவீதம் என்கிறார்கள். ஆறு மாதம் மெட்டோபிரோலால் மாத்திரை சாப்பிட்டும் களைப்புதான் மிச்சம். இப்போது அப்லேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர். “நெஞ்சுக்குள்ளே சூடு வைத்தால் உடம்பு தாங்குமா?” என்று என் மாமியார் பயப்படுகிறார். வீட்டிலுள்ள பிபி கருவியில் நாடி சில நாட்களில் 41 என்று காட்டுகிறது. இதயம் நின்றுவிடுமோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: அம்மா, முதலில் அந்த 41 என்ற எண்ணைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த ஈசிஜி நகலைப் பார்த்தேன். ஒரு குறுகிய துடிப்பு, அதன் வாலைப் பிடித்தாற்போல ஓர் அகன்ற துடிப்பு, பிறகு ஓர் இடைவெளி. மீண்டும் குறுகியது, அகன்றது, இடைவெளி என்று அந்தத் தாள் முழுவதும் இரட்டை இரட்டையாகப் போகிறது. குறுகியது உங்கள் இதயத்தின் இயல்பான துடிப்பு. அகன்றது முந்திய துடிப்பு. இதயத்தின் கீழறையில் இரத்தம் நிரம்புவதற்கு முன்பே அது துடித்துவிடுவதால் வெளியே போகும் இரத்தம் மிகக் குறைவு. அந்தச் சிறிய அலை மணிக்கட்டு வரை வந்து சேர்வதில்லை. இதயம் நிமிடத்திற்கு 82 முறை துடித்தாலும், கையில் கட்டிய கருவிக்குப் பாதிதான் எட்டுகிறது. துடிப்பு விட்டுப்போவதாக நீங்கள் உணர்வது அந்த இடைவெளியைத்தான். அந்த நேரத்தில் அறை கூடுதலாக நிரம்பிக்கொள்வதால், அடுத்த துடிப்பு ஓங்கி இடிக்கிறது. உங்கள் இதயம் நிற்கவும் இல்லை, மெதுவாக ஓடவும் இல்லை.

ஆனால் மற்ற இரண்டு எண்களை அப்படி விட்டுவிட முடியாது. 1,04,300-இல் 22,900 என்றால் ஏறத்தாழ 22 சதவீதம், அதாவது ஐந்து துடிப்பில் ஒன்றுக்கும் மேல். இயல்பான துடிப்பில் மின்னோட்டம் அதற்கென்று உள்ள பாதை வழியாக இரண்டு கீழறைகளுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதால், தசை முழுவதும் ஒன்றாகச் சுருங்குகிறது. முந்திய துடிப்போ தசையின் ஏதோ ஒரு மூலையில் கிளம்பித் தசை வழியாகவே மெல்லப் பரவுவதால், ஒரு சுவர் முந்தியும் எதிர்ச்சுவர் பிந்தியும் சுருங்குகின்றன. நாள்தோறும் ஆயிரக்கணக்கில், பல மாதங்களுக்கு இப்படி நடந்தால் சிலருக்கு இதயத் தசை சோர்ந்துபோகும். மொத்தத் துடிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினாலே இதை மனத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் எக்கோவைப் பார்ப்போம். 20 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் கவனமாகப் பார்ப்போம். வழக்கமாக 55 சதவீதத்திற்கு மேல் இருக்க வேண்டிய பம்ப் திறன் உங்களுக்கு 46-இல் நிற்கிறது.

இங்கே ஒரு கேள்விக்கு விடை தேடியாக வேண்டும். முந்திய துடிப்புகளால் தசை சோர்ந்ததா, அல்லது தசையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நோயால் துடிப்புகள் முந்துகின்றனவா? அப்லேஷனுக்கு நாள் குறிக்கும் முன் இதயத்திற்கான எம்ஆர்ஐ எடுத்துத் தழும்பு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளும்படி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு, பொட்டாசியம், மெக்னீசியம், இரத்தச்சோகை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும் கையில் இருக்க வேண்டும். உறக்கத்தில் உரத்த குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் ஈசிஜியைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை தருவது ஒன்று உண்டு. இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்று குறிக்கப்பட்ட வரிகளில் அந்த அகன்ற துடிப்பு உயரமாக நிமிர்ந்து நிற்கிறது. வி1 வரியில் பெரும்பகுதி கீழ்நோக்கி இருக்கிறது. வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் வெளியேறும் வாசலில், வால்வுக்குச் சற்றுக் கீழே கிளம்பும் துடிப்பின் சாயல் இது. வேறு இதய நோய் இல்லாதவர்களுக்கு முந்திய துடிப்புகள் மிகுதியாகக் கிளம்பும் இடமும், அப்லேஷனுக்கு மிக எளிதாக வசப்படும் இடமும் இதுதான்.

மாத்திரையையே கூட்டிப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். இதே இடத்திலிருந்து துடிப்பு கிளம்பிய 330 நோயாளிகளைச் சீனாவில் இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அப்லேஷனும் மற்றதற்கு மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வெளியானது. ஓராண்டில் அப்லேஷன் பிரிவில் 19.4 சதவீதத்தினருக்கும், மாத்திரைப் பிரிவில் 88.6 சதவீதத்தினருக்கும் முந்திய துடிப்புகள் மீண்டும் வந்தன. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், இந்த வாசலில் கிளம்பும் துடிப்பு ஒருவருக்குத் தொல்லை கொடுத்தால் அப்லேஷனையே முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கிறது. நீங்கள் ஆறு மாதம் மாத்திரையை முறையாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டீர்கள். இனியும் அதையே நீட்டிப்பதில் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி உங்கள் மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. சூடு வைப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டின் அளவைத் தெரிந்துகொண்டால் பயம் தெளியும். கதீட்டர் என்பது வளைந்து கொடுக்கும் மெல்லிய குழாய். அதன் உலோக நுனி சுமார் 3.5 மில்லிமீட்டர் நீளம்தான். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள இரத்தக்குழாய் வழியாக அதை இதயத்துக்குள் கொண்டுபோகிறோம். நெஞ்சைத் திறப்பதில்லை, தையல் இட்டாலும் தொடையில் ஒன்றோ இரண்டோதான். பெரும்பாலும் முழு மயக்கமும் கொடுப்பதில்லை. ஆழ்ந்து உறங்கினால் இந்தத் துடிப்புகளும் சிலருக்கு அடங்கிவிடும், வராத துடிப்பின் ஊற்றைத் தேட முடியாது. மெட்டோபிரோலால் மாத்திரையைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். அதையும் டாக்டர் சொன்ன பிறகே நிறுத்த வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

கதீட்டரின் நுனி அறையின் உட்சுவரைத் தொட்டுத் தொட்டுச் செல்லும்போது, கணினித் திரையில் அந்த அறையின் முப்பரிமாண வரைபடம் உருவாகும். ஒவ்வொரு முந்திய துடிப்பின்போதும் எந்தப் புள்ளியில் மின்னோட்டம் முதலில் தோன்றுகிறது என்று பார்த்துக்கொண்டே போவோம். அந்தப் புள்ளி கிடைத்ததும் ரேடியோ அலை மின்னோட்டம் கொடுப்போம். தசை 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் அந்தச் சிறு இடத்திலுள்ள செல்கள் செயலிழக்கும். சரியான இடத்தில் கொடுத்தால், முதல் சில நொடிகளில் அதே வடிவமுள்ள துடிப்புகள் சரசரவென்று அடுத்தடுத்து வந்து, பிறகு சட்டென்று நின்றுவிடும். அதன் பிறகு திரையில் ஒரே சீரான குறுகிய துடிப்புகள் மட்டும் போய்க்கொண்டிருப்பதை, மேசையில் படுத்திருக்கும் நோயாளியே கருவியின் ஒலியைக் கேட்டு அறிந்துகொள்வார். “டாக்டர், நின்னுபோச்சு” என்று எங்களுக்கு முன்பே சொன்னவர்கள் உண்டு. அந்த நேரத்தில் நெஞ்சில் சிறிது எரிச்சலோ அழுத்தமோ தெரியலாம். சொன்னால் மருந்து கொடுப்பார்கள். பிறகு அரைமணி நேரம் காத்திருந்து, இதயத்தைத் தூண்டும் மருந்து கொடுத்தும் துடிப்பு திரும்பவில்லை என்று உறுதி செய்த பின்னரே கதீட்டரை வெளியே எடுப்போம். எல்லாம் சேர்ந்து இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முந்திய துடிப்புக்காக அப்லேஷன் செய்துகொண்ட 1,185 பேரின் விவரங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், 84 சதவீதத்தினருக்குச் சிகிச்சை மேசையிலேயே பலன் கிடைத்தது. 5.2 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு சிக்கல் ஏற்பட்டது. அதில் பாதிக்கும் மேற்பட்டவை தொடையில் இரத்தம் கட்டுவது போன்ற சிறியவை. சிகிச்சையால் யாரும் இறக்கவில்லை. பெரிய சிக்கல்களில் நாங்கள் அஞ்சுவது இதயச் சுவரில் துளை விழுந்து அதைச் சுற்றி இரத்தம் தேங்குவதை. நூற்றில் ஒருவர் என்ற அளவில் இது நேரக்கூடும், உடனே கண்டுபிடித்து ஊசி வழியாக வெளியேற்ற எல்லா ஏற்பாடுகளும் அறையிலேயே தயாராக இருக்கும். அதே ஆய்வில், முந்திய துடிப்பால் இதயம் சோர்ந்திருந்தவர்களின் பம்ப் திறன் சராசரியாக 38 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்திற்கு உயர்ந்தது. உங்களுக்கு அப்லேஷன் வேண்டும் என்று நான் துணிந்து சொல்வதற்கு இந்தக் கடைசி விவரமே காரணம். இந்த வகைத் தசைச் சோர்வு, காரணத்தை நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடக் கூடியது.

சில ஆண்டுகளுக்கு முன் மலையிலிருந்து ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். மூன்று ஆண்டுகளாக அவருக்கு வாயுக்கோளாறு என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஈசிஜி எடுத்த அந்த ஒரு நிமிடத்தில் துடிப்பு சீராக இருந்ததால், 24 மணி நேரம் ஹோல்டர் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. என்னிடம் வந்தபோது படியேறினாலே மூச்சு வாங்கியது. அப்லேஷன் ஆறு மாதம் கழித்து அவருக்குப் பலன் கொடுத்தது என்றாலும், அந்த மூன்று ஆண்டுகள் வீணாகப் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கு நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சிகிச்சை நடக்கும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையையும் டாக்டரின் பரிந்துரையையும் காட்டி, இந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதி கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். ஈசிஜி, எக்கோ, இரத்தப் பரிசோதனைகளை மலையிலேயே முடித்துக்கொண்டு, அப்லேஷனுக்கு மட்டும் கோவைக்கு இறங்கினால் அலைச்சல் குறையும்.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. கூடலூரில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது ஈசிஜியில் முந்திய துடிப்புகள் தெரிகின்றன. அவருக்குத் தொல்லை ஒன்றும் இல்லை. இந்தத் துடிப்பை அடக்க மாத்திரை இருக்கிறதாமே, டாக்டர் ஏன் கொடுக்க மறுக்கிறார்?

பதில்: டாக்டர் மறுத்தது சரி. மாரடைப்புக்குப் பிறகு வரும் முந்திய துடிப்புகளை மாத்திரையால் அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று 1980-களில் மருத்துவ உலகமே நம்பியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்கா முன்னின்று நடத்திய காஸ்ட் என்ற ஆய்வில், என்கெய்னைட், ஃப்ளெகெய்னைட் என்ற மாத்திரைகள் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. ஆனால் அவற்றைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேரும் இறந்தனர். 1989-இல் அந்தப் பிரிவை இடையிலேயே நிறுத்தினார்கள். ஈசிஜி தாள் சுத்தமாவதும் நோயாளி பிழைப்பதும் ஒன்றல்ல என்று இந்தத் துறையில் உள்ள எல்லோரும் அன்று கற்றுக்கொண்டோம்.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை முக்கியமானது, மாரடைப்பின் தழும்பும் பம்ப் திறனும் எப்படி இருக்கின்றன என்பதே. எக்கோவும் ஹோல்டரும் எடுத்துப் பாருங்கள். பம்ப் திறன் 35 சதவீதத்திற்குக் கீழே இருந்தாலோ, அவர் எப்போதாவது மயங்கி விழுந்திருந்தாலோ, ஆபத்தான துடிப்பு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் பொருத்தும் ஐசிடி கருவி தேவையா என்று ஆலோசிக்க வேண்டும். முந்திய துடிப்பைச் சுட்டுவிடுவது அதற்கு மாற்றாகாது. அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாரடைப்பு மாத்திரைகளை ஒரு நாளும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 27. குன்னூரில் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறேன். ஹோல்டரில் ஒரு நாளைக்கு 640 முந்திய துடிப்புகள். எக்கோ, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கின்றன. ஒரேயடியாக அப்லேஷன் செய்துவிட்டால் நிம்மதியாக இருக்குமே? நாளைக்கு ஆறேழு காபி குடிப்பேன், அதுவும் காரணமா?

பதில்: தம்பி, உங்களுக்கு அப்லேஷன் வேண்டாம். 640 என்பது மொத்தத் துடிப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த அளவுக்கு இதயம் சோர்வதில்லை. மேலும், சிகிச்சை நடக்கும்போது துடிப்பு அடிக்கடி வந்தால்தான் அதன் ஊற்றைக் கண்டுபிடிக்க முடியும். நீங்கள் மேசையில் படுத்திருக்கும் மூன்று மணி நேரத்தில் அது தேவையான அளவுக்குத் தலைகாட்டாமலும் போகலாம். பயனில்லாத ஒன்றுக்காக நூற்றில் ஒரு பங்கு ஆபத்தைக்கூட ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காபியைப் பற்றி நல்ல ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. ஆரோக்கியமான 100 பேரை, சில நாட்கள் காபி குடிக்கவும் சில நாட்கள் விலக்கவும் சொல்லி ஈசிஜி கருவியை உடலிலேயே ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். இதய மேலறையில் கிளம்பும் முந்திய துடிப்புகள் காபியால் கூடவில்லை. உங்களுக்கு இருப்பதைப் போன்ற கீழறைத் துடிப்புகள் மட்டும் காபி குடித்த நாட்களில் 154, குடிக்காத நாட்களில் 102 என்று இருந்தன. காபி குடித்த நாட்களில் தூக்கமும் 36 நிமிடம் குறைந்தது. எனவே காபி உங்களுக்கு விஷம் இல்லை. ஆனால் ஆறேழு குவளையை இரண்டாகக் குறைத்து, மதியத்திற்குப் பிறகு குடிக்காமல் ஒரு மாதம் இருந்து பாருங்கள். துடிப்பைக் குறிவைத்து நாடியை அடிக்கடி விரலால் தொட்டுப் பார்ப்பதையும் விடுங்கள். மயக்கம் வந்தாலோ, ஓடும்போதும் மலையேறும்போதும் துடிப்பு கூடினாலோ, குடும்பத்தில் இளம் வயதில் திடீரென இறந்தவர் யாராவது இருந்தாலோ மட்டும் உடனே மீண்டும் டாக்டரைப் பாருங்கள். அப்படி ஏதும் இல்லையென்றால் ஓராண்டு கழித்து ஓர் எக்கோ போதும்.

கேள்வி: நாங்கள் உதகையில் இருக்கிறோம். மலை உயரத்தால்தான் என் மனைவிக்கு இந்தத் துடிப்பு வருகிறது, சமவெளிக்குக் குடிபோனால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. கீழிருந்து புதிதாக ஏறி வருபவர்களுக்கு முதல் சில நாட்கள் நாடி வேகமாகவும் படபடப்பாகவும் இருக்கலாம். அங்கேயே வாழ்பவர்களின் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. வீட்டை மாற்றுவதற்கு முன் ஹோல்டர் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: மஞ்சூரிலிருந்து எழுதுகிறேன். என் மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அடுத்த மாதம் அவருக்குக் கோவையில் அப்லேஷன். எப்போது மலையேறலாம், எப்போது வேலைக்குப் போகலாம்? திரும்ப வராமல் இருக்குமா?

பதில்: கதீட்டரை எடுத்த பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உங்கள் ஊர் வரை வளைவுக்கு வளைவு உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்து வருவதை அன்றே செய்ய வேண்டாம். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ உறவினர் வீடு இருந்தால் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து வாருங்கள். வழியில் இரண்டு முறையாவது இறங்கி நடக்கச் சொல்லுங்கள். தொடையில் ஊசி போட்ட இடம் திடீரென்று வீங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ, அவரை அங்கேயே படுக்க வைத்து, அந்த இடத்தைக் கையால் பலமாகவும் விடாமலும் அழுத்திக்கொண்டே 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், காய்ச்சல் எது வந்தாலும் மருத்துவமனைக்கு அன்றே தெரிவிக்க வேண்டும்; ஊருக்குக் கிளம்பும் முன்பே அவர்களின் அவசர எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலைகளை இரண்டு மூன்று நாட்களில் தொடங்கலாம். கொழுந்து பறிப்பதைவிட, பறித்ததை மூட்டையாக முதுகிலோ தலையிலோ ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறி எடை போடும் இடத்துக்குப் போவதுதான் தொடைக்குச் சுமை. குறைந்தது ஒரு வாரம் அதைச் செய்யக் கூடாது. மேஸ்திரியிடம் காட்ட டாக்டரிடம் மருத்துவச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்களில் இடையிடையே ஓரிரு துடிப்புகள் முந்தினால் சிகிச்சை தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். சூடு பட்ட இடம் ஆறும்போது அப்படி வருவதுண்டு. மூன்று மாதம் கழித்து மீண்டும் ஹோல்டர் வைத்து எண்ணிப் பார்ப்பார்கள். துடிப்பு பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால் இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்கும்; அதற்கும் மனத்தைத் தயார்ப்படுத்தி வையுங்கள். அப்லேஷனுக்கு முன்பு எடுத்த ஹோல்டர், எக்கோ அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருங்கள். புதிய அறிக்கைகளை அவற்றோடு ஒப்பிட்டால்தான் எவ்வளவு குறைந்தது என்று டாக்டரால் சொல்ல முடியும்.